கண்ணில் கை வைக்காத கைவைத்தியம்

ராமநாதபுரம் சீமையில் கண் எரிச்சலுக்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. பாம்பனில் காற்று, வாலிநோக்கத்தில் உப்பளத்து வெயில், சாயல்குடியில் பதநீர் அடுப்புப் புகை, பரமக்குடியில் தறி, எல்லா ஊரிலும் செல்போன். வைத்தியத்துக்கும் பஞ்சமில்லை, வீட்டுக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். அவற்றில் எது கண்ணைக் காக்கும், எது கெடுக்கும் என்பதைச் சுற்றியே இந்த முறை கேள்விகள் எல்லாம்.

கேள்வி: நாலு பக்கமும் தண்ணி. காத்துலயே ஈரம் பிசுபிசுக்குது. இந்தத் தீவுல இருக்கிறவங்க கண்ணு எப்படிங்க காயும்?
*– மீன் வியாபாரி, பாம்பன்*

பதில்: ஈரக்காற்று கண்ணுக்கு நல்லதுதான், அது சும்மா நின்றால்! 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்றின் வேகம் மணிக்கு 60 கிலோமீட்டரை நெருங்கினாலே ரயிலை நிறுத்திவிடுவார்கள். ரயிலையே நிறுத்துகிற காற்று கண்ணீரை மட்டும் விட்டுவைக்குமா?

விழியின் மேல் கண்ணீர் மெல்லிய படலமாகப் பரவியிருக்கிறது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காகப் பிரித்தால் அதில் மூன்று பங்குதான் அதன் கனம். அடியில் வழவழப்பான சளிப்பொருள், நடுவில் நீர், மேலே எண்ணெய். இந்த எண்ணெய் இமை விளிம்பில் வரிசையாக இருக்கும் மெய்போமியன் சுரப்பிகளிலிருந்து வருகிறது. நீர் ஆவியாகிப் போகாமல் மூடிக் காப்பது அதன் வேலை. கண் வறட்சி உள்ளவர்களில் பெரும்பாலோருக்குக் கோளாறு நீரில் இல்லை, இந்த எண்ணெயில்தான்.

ஏற்கெனவே எண்ணெய் குறைந்த கண்ணில் கச்சான் காற்று மணலையும் உப்புத் துகளையும் கொண்டுவந்து அடித்தால் உறுத்தாமல் என்ன செய்யும்? பக்கவாட்டிலும் மறைக்கிற கண்ணாடியும் விளிம்பு அகன்ற தொப்பியும் இருந்தால் பாதித் தொல்லை குறையும். பாம்பன் சாலைப் பாலத்தில் வெறும் கண்ணோடு பைக் ஓட்டுகிறவர்கள், பக்கத்துச் சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுக்கும் பெண்களைப் பார்த்தாவது கற்றுக்கொள்ளலாம். அவர்கள் கண்ணாடி கட்டாமல் முங்குவதில்லை.

கேள்வி: டாக்டர் "கண் வறட்சி"ங்கிறார். எங்கம்மாவுக்கோ கண்ணுல இருந்து தண்ணி கொட்டிக்கிட்டே இருக்கு. யாரு சொல்றது சரி?
*– வாசகி, தங்கச்சிமடம்*

பதில்: டாக்டர் சொல்வதும் சரி, அம்மாவின் கண்ணும் சரி. கண்ணீரில் வகை உண்டு. நாள் முழுக்கச் சத்தமில்லாமல் சுரந்து விழியை நனைப்பது ஒன்று. தூசியோ வெங்காயமோ உறுத்தும்போது அவசரத்துக்கு ஓடிவருவது மற்றொன்று. முதல் வகை போதாமல் விழி காய்ந்து உறுத்தும்போது மூளை இரண்டாவதைத் திறந்துவிடுகிறது. அது வெறும் நீராக வழிந்து கன்னத்தை நனைத்துவிட்டுப் போய்விடும், விழியில் தங்காது. காற்றில் நின்றால் கண் கலங்குவது, காலையில் விழிக்கும்போது மணல் விழுந்தாற்போல் உறுத்துவது, பார்வை மங்கி, இமைத்ததும் தெளிவது, இவை மூன்றும் சேர்ந்திருந்தால் வறட்சியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் ஒரு கண்ணில் மட்டும் ஓயாமல் நீர் வழிந்தால் கண்ணீர் வடியும் குழாய் அடைத்திருக்கலாம். அதைக் காட்டியே ஆக வேண்டும்.

கேள்வி: தறியில உக்காந்தா நூலை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது. சாயங்காலம் கண்ணு செக்கச்செவேல்னு ஆயிடுது. காசு செலவில்லாம எதாச்சும் உண்டா?
*– நெசவாளி, எமனேசுவரம்*

பதில்: உண்டு. வீட்டு வைத்தியத்தில் உருப்படியான ஒன்றைச் சொல்லச் சொன்னால் கண் மருத்துவர்கள் சொல்வதும் இதைத்தான்: வெந்நீர் ஒத்தடம்.

மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் புட்டிக்குள் உறைந்து நிற்பது போல, இமைச் சுரப்பியின் எண்ணெயும் கெட்டிப்பட்டு வாயை அடைத்துக்கொள்கிறது. 40 டிகிரிக்குச் சற்று மேலான இளஞ்சூடு பட்டால் இளகி வெளியே வரும். சுத்தமான மெல்லிய வேட்டித் துணியை நாலாக மடித்து, மணிக்கட்டின் உள்பக்கம் தாங்குகிற சூட்டு நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய இமைகள்மேல் வைக்க வேண்டும். பலர் தவறவிடுவது அடுத்த கட்டத்தை. துணி ஒன்றிரண்டு நிமிடத்தில் ஆறிவிடும். ஆறிய துணியை வைத்துக்கொண்டு பத்து நிமிடம் படுத்திருந்தால் தூக்கம் வரும், எண்ணெய் வராது. ஆற ஆற மீண்டும் வெந்நீரில் நனைத்து, சூடு குறையாமல் 5 முதல் 10 நிமிடம் வைக்க வேண்டும்.

பிறகு கையைக் கழுவிக்கொண்டு, விரல் நுனியால் மேலிமையை மேலிருந்து கீழாகவும் கீழிமையைக் கீழிருந்து மேலாகவும் மெதுவாக நீவிவிட வேண்டும். விழியை அழுத்தக் கூடாது. கடைசியாக, கொதிக்க வைத்து ஆறிய நீரில் நனைத்த பஞ்சால் இமை விளிம்பில் படிந்த பீளையையும் செதிலையும் துடைத்தெடுக்கலாம். ஒரு கண்ணைத் தொட்ட பஞ்சு அடுத்த கண்ணுக்கு வேண்டாம். காலையும் இரவும் இப்படிச் செய்தால் சில வாரங்களில் வித்தியாசம் தெரியும். இரண்டு நாள் செய்துவிட்டு "ஒண்ணும் கேட்கலை" என்று விட்டுவிடுவதால்தான் இந்த எளிய வைத்தியத்துக்குக் கெட்ட பெயர். அண்மையில் கண் அறுவை செய்துகொண்டவர்களும், சீழோடு கண் சிவந்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம்.

இன்னொன்றும் காசில்லாத மருந்து: இமைப்பது. சாதாரணமாக நிமிடத்துக்கு 15 முறையாவது இமைக்கிற கண், நூலையோ திரையையோ உற்றுப் பார்க்கும்போது அதில் பாதிகூட இமைப்பதில்லை. இமைத்தாலும் முழுசாக மூடுவதில்லை. ஒவ்வொரு இமைப்பும் எண்ணெயைக் கொஞ்சம் பிழிந்து விழிமேல் பூசுகிறது. அதனால் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தறியை நிறுத்தி, இருபது அடிக்கு அப்பால் இருபது விநாடி பார்த்து, இமைகள் நன்றாக ஒட்டும்படி சில முறை மூடித் திறக்க வேண்டும். பட்டில் இழை தவறினால் பிரித்து நெய்யலாம், கண்ணுக்கு அந்த வசதி இல்லை.

கேள்வி: விளக்கெண்ணெய், தாய்ப்பால், தேன், பன்னீர், நந்தியாவட்டை. எங்க ஆத்தா காலத்துல இருந்து கண்ணுல விடுறோம். இதெல்லாம் பொய்யா?
*– குடும்பத்தலைவி, திருப்புல்லாணி*

பதில்: ஆத்தாவின் அன்பு பொய்யில்லை. அன்பாக விட்டாலும் கிருமி கிருமிதான், அதுதான் சிக்கல்.

விளக்கெண்ணெயில் விஷயம் இருக்கிறது. கடையில் விற்கும் சில வறட்சிச் சொட்டுகளில் ஆமணக்கு எண்ணெய் சேர்கிறது, அது கண்ணீரின் எண்ணெய்ப் படலத்தைத் தாங்குகிறது. ஆனால் அது கிருமி நீக்கி, அளவாகக் கலந்து, மூடி முத்திரையிட்டு வருவது. அடுப்பங்கரைப் புட்டியில் இருப்பது அப்படியல்ல. நியூசிலாந்தில் 26 பேரிடம் நடந்த சிறு சோதனையொன்றில், மூடிய இமையின் மேல்தோலில் ஆமணக்கு எண்ணெய் தடவி வந்தவர்களுக்கு இமை விளிம்பு வீக்கம் குறைந்தது. இரவில் இமைமேல் துளி தடவிப் படுக்கிற பழைய வழக்கத்துக்கு அது ஓரளவு சாதகம். உள்ளே ஊற்றுவதற்கு இல்லை.

தாய்ப்பால் குழந்தையின் வயிற்றுக்கு அமுதம். தோலிலிருந்தும் கையிலிருந்தும் அதில் கிருமி கலக்கும், கண்ணில் விட்டால் அந்தக் கிருமிக்கும் அது உணவாகும். தேன் எரியும், அதில் கிருமி வித்துகள் இருக்கலாம். பன்னீர் பெரும்பாலும் வாசனைத் தண்ணீர்தான். நந்தியாவட்டைப் பூவை நன்றாகக் கழுவி, மூடிய கண்மேல் வைத்தால் குளிர்ச்சி கிடைக்கும். அதைப் பிழிந்து விடுவது வேறு சங்கதி. அந்தச் செடியில் பால் வடியும், பால் பட்டால் விழி புண்ணாகும். வெள்ளரித் துண்டும் அதே கணக்கு, மூடிய இமைக்குக் குளிர்ச்சி, அதோடு சரி. தலைமுறை தலைமுறையாக எழுதிவரும் கண் மை இமை விளிம்பின் உள்பக்கம் பட்டால் எண்ணெய்ச் சுரப்பிகளின் வாயை மூடுகிறது. வெளிவிளிம்போடு நிறுத்திக்கொண்டால் அழகும் கெடாது, கண்ணும் கெடாது. காரீயம் கலந்த சுர்மாவைக் குழந்தைகளுக்கு எழுதவே கூடாது.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று தோன்றலாம். சென்னைக்கு அருகே ஓர் ஆலையில் தயாராகி அமெரிக்காவுக்குப் போன செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, மருந்துகளுக்கு அடங்காத சூடோமோனாஸ் கிருமித் தொற்றுக்குக் காரணம் என்று 2023-இல் தெரியவந்தது. 18 மாநிலங்களில் 81 பேருக்குத் தொற்று. 14 பேருக்குப் பார்வை போனது, 4 பேருக்கு விழியையே எடுக்க வேண்டியிருந்தது, 4 பேர் இறந்தார்கள். கண்ணுக்கென்றே ஆலையில் செய்த மருந்தில் கிருமி புகுந்தாலே இந்தக் கதி. அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற கிண்ணத்தை எப்படி நம்புவது?

கேள்வி: கண்ணீரும் உப்பு, கடலும் உப்பு. கடல் தண்ணியில கழுவுனா என்ன?
*– மாணவன், மண்டபம்*

பதில்: கணக்கு இடிக்கிறது. கண்ணீரில் உப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் சற்றுக் குறைவு, கடலில் மூன்றரை. உப்பு மிகுந்த நீர் விழியின் செல்களிலிருந்து ஈரத்தை வெளியே இழுக்கும். வறண்ட கண் இன்னும் வறளும். வீட்டில் உப்புக் கரைத்துக் கழுவுவதும் வேண்டாம், அளவும் தெரியாது, சுத்தமும் தெரியாது.

கேள்வி: தம்பி ராமேஸ்வரம் வர்றான். கண்ணுல கான்டாக்ட் லென்ஸ் போட்டிருக்கான். இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடலாமா?
*– வாசகர், ராமநாதபுரம்*

பதில்: தம்பி தாராளமாக ஆடலாம், லென்ஸ் ஆடக் கூடாது. அக்னி தீர்த்தத்தில் முங்கி, கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் வாளி வாளியாகத் தலையில் நீர் விழும்போது கண்ணை மூடிக்கொண்டே இருப்பது யாராலும் முடியாது. கிணறு, குளம், குழாய், எந்த நீரிலும் அகாந்தமீபா என்ற ஒற்றைச் செல் உயிரி இருக்க முடியும். வெறும் கண்ணில் பட்டால் கண்ணீரோடு பெரும்பாலும் போய்விடும். லென்ஸில் ஒட்டிக்கொண்டால் கருவிழிமேல் உட்கார்ந்து தின்னத் தொடங்கும். அந்த வலி பொறுக்க முடியாதது, வைத்தியம் மாதக்கணக்கில் நீளும். தங்கும் அறையிலேயே லென்ஸைக் கழற்றிவிட்டுக் கண்ணாடியோடு வரச் சொல்லுங்கள். மறந்து நனைத்துவிட்டால், ஒருமுறை பயன்படுத்தும் லென்ஸைத் தூக்கிப்போட வேண்டியதுதான். மற்ற லென்ஸை அதற்கான கரைசலில் சுத்தம் செய்யாமல் மறுபடி போடக் கூடாது. குழாய்த் தண்ணீரில் கழுவுவது சுத்தம் செய்ததாகாது.

கேள்வி: சாளையும் சூடையும் நிறையச் சாப்பிட்டா கண் வறட்சி போகும், மீன் எண்ணெய் மாத்திரை அதைவிட நல்லதுன்னு செல்போன்ல வருது. நெசமா?
*– படகுக்காரர், ராமேஸ்வரம்*

பதில்: அமெரிக்காவில் 535 நோயாளிகளை வைத்து ஓராண்டு நடத்திய சோதனையின் முடிவு 2018-இல் வெளியானது. ஒரு பிரிவுக்கு நாளொன்றுக்கு 3,000 மில்லிகிராம் ஒமேகா-3, மற்றப் பிரிவுக்குப் பார்வைக்கு அதே மாதிரி இருக்கும் ஆலிவ் எண்ணெய் மாத்திரை. இரண்டு பிரிவினருக்கும் கண் கொஞ்சம் தேறியது, ஆனால் மீன் எண்ணெய் குடித்தவர்கள் மற்றவர்களை முந்தவில்லை. ஆகவே மாத்திரைக்குச் செலவழிக்க வேண்டாம். சாளைக் குழம்பை விட வேண்டாம், இதயத்துக்கும் நாக்குக்கும் நல்லது.

கேள்வி: அப்ப முருங்கைக்கீரை, பொன்னாங்கண்ணி?
*– அதே படகுக்காரர்*

பதில்: விடாக்கண்டர்! கீரைக்குத் தனி வரலாறு இருக்கிறது. வைட்டமின் ஏ போதாத குழந்தைக்கு முதலில் மாலைக்கண், பிறகு வெள்ளைவிழி பளபளப்பு இழந்து வறளும். ஓரத்தில் நுரைத் திட்டு மாதிரி வெள்ளைப் புள்ளி தோன்றும். அதற்கும் மேலே போனால் கருவிழி கரைந்து பார்வையே போகும். இந்தியாவில் இது எத்தனையோ குழந்தைகளின் பார்வையைப் பறித்ததால்தான் 1970-இல் வைட்டமின் ஏ வழங்கும் தேசியத் திட்டம் தொடங்கியது. இன்றும் ஒன்பது மாதம் முதல் ஐந்து வயதுவரை ஆறு மாதத்துக்கொரு முறை கொடுக்கிறார்கள். எந்தக் குழந்தைக்கும் அது தவறக் கூடாது. முருங்கைக்கீரையும் பப்பாளியும் மாம்பழமும் சமையல் எண்ணெயோடு சேர்ந்து உள்ளே போனால் உடல் அந்தச் சத்தை நன்றாக ஏற்கும்.

ஆனால் நன்றாகச் சாப்பிடுகிற பெரியவரின் கண் காய்வது பெரும்பாலும் சத்துக் குறைவால் இல்லை. கீரை வண்டி வண்டியாகத் தின்றாலும் அடைத்த இமைச் சுரப்பி திறக்காது.

கேள்வி: பதநீர் காய்ச்சுற சீசன்ல கண்ணைத் திறக்க முடியல. கரிமூட்டம் போடுற வீட்டுக்காரருக்கும் அதே கதி.
*– வாசகி, சாயல்குடி*

பதில்: புகைக்கு வைத்தியம் கண்ணில் இல்லை, அடுப்பில் இருக்கிறது. கருப்பட்டிக் கொப்பரைக்குக் காற்று வரும் பக்கம் நின்று துழாவ வேண்டும். காற்று திரும்பினால் ஆளும் திரும்ப வேண்டும். புகைபோக்கியோடு அடுப்புக் கட்டினால் கண்ணும் நெஞ்சும் சேர்ந்து பிழைக்கும். சீமைக்கருவேல விறகின் கரிமூட்டத்தைப் பிரிக்கும்போது சாம்பலும் பறக்கும், அப்போது முகத்தோடு ஒட்டிய கண்ணாடி கட்டாயம். வேலை முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு இமைகளைச் சுத்தமான நீரில் கழுவுங்கள். கசக்காதீர்கள்.

கேள்வி: மகன் துபாய்ல கடையில நிக்கிறான். பன்னிரண்டு மணிநேரம் ஏசி. கண்ணு கரிக்குதுன்னு தினமும் போன்ல சொல்றான்.
*– வாசகி, கீழக்கரை*

பதில்: கீழக்கரைப் பிள்ளைக்கு வெளியே வெக்கை, உள்ளே வறண்ட குளிர். ஏசி காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி எடுக்கிறது, அந்தக் காற்று நேரே முகத்தில் அடித்தால் கண் காய்ந்துபோகும். ஏசியின் துடுப்பை மேலே திருப்பச் சொல்லுங்கள், முடியாவிட்டால் நிற்கிற இடத்தை மாற்றட்டும். கம்ப்யூட்டர் திரை கண் மட்டத்துக்குக் கீழே இருந்தால் இமை கொஞ்சம் தாழ்ந்து, விழி குறைவாகத் திறந்திருக்கும். சளி, தும்மலுக்கு அடிக்கடி சிட்ரிசின் போடுகிறாரா என்றும் கேளுங்கள். அந்த வகை மாத்திரைகள் மூக்கை மட்டுமல்ல, கண்ணையும் காய வைக்கும்.

அதோடு செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு வாங்கிக்கொள்ளலாம். ஒரு நாளில் நான்கு முறைக்குமேல் தேவைப்பட்டால் பதப்பொருள் சேராததாகக் கேட்டு வாங்க வேண்டும். வழக்கமான புட்டியைத் திறந்த ஒரு மாதத்தில் எறிந்துவிட வேண்டும். நுனி இமையில் படக் கூடாது. அறைத் தோழருக்குக் கடன் கொடுக்கவும் கூடாது. "சிவப்பை எடுக்கும்" சொட்டு ரத்தக் குழாயைச் சுருக்கிக் கண்ணை வெள்ளையாக்கும், வறட்சியைத் தீர்க்காது. ஸ்டீராய்டு சொட்டைத் தானே வாங்கி மாதக்கணக்கில் விட்டால் கண் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பே கெடும்.

கேள்வி: ஆடு மேய்க்கும்போது கருவேல முள் கண்ணுல பட்டுருச்சு. இலைச்சாறு விட்டோம். ரெண்டு நாளா உறுத்துது. இதுவும் வறட்சியா?
*– வாசகர், முதுகுளத்தூர்*

பதில்: இல்லை. இந்த வரியைப் படித்ததும் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுப் புறப்படுங்கள். முள், வைக்கோல், நெல் உமி கருவிழியைக் கீறினால் அந்தக் கீறலில் பூஞ்சை முளைக்கும். மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்கு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வருவதாக 1996-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அமெரிக்க அளவைப்போல அது பத்து மடங்கு. மதுரையில் சிகிச்சைக்கு வந்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குப் பூஞ்சைதான் காரணமாக இருந்தது. இலைச்சாறு அந்தப் பூஞ்சைக்கு எரு. 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, இத்தகைய புண்ணுக்கு உலக அளவில் ஆய்வு செய்த இடம். காலத்தோடு போனால் சொட்டு மருந்திலேயே காப்பாற்றலாம்.

கேள்வி: கடைசியா ஒண்ணு. ஒத்தடம், சொட்டு எல்லாம் பார்த்தாச்சு. எப்ப டாக்டர்கிட்ட போகணும்?
*– ஆசிரியை, பரமக்குடி*

பதில்: ஒரு மாதம் ஒழுங்காகச் செய்தும் குறையாவிட்டால் போக வேண்டும். கண் சிவந்து வலித்தால், வெளிச்சம் கூசினால், பார்வை மங்கி இமைத்தும் தெளியாவிட்டால் ஒரு நாள்கூடப் பொறுக்கக் கூடாது. கண்ணோடு வாயும் காய்ந்து, மூட்டும் வலித்தால் அது உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் சுரப்பிகளையே தாக்கும் நோயாக இருக்கலாம். சுவீடன் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோகிரென் 1933-இல் விவரித்ததால் அவர் பெயரிலேயே அந்த நோய் வழங்குகிறது. நடுவயதுப் பெண்களுக்குத்தான் இது அதிகம், அவர்கள்தான் "வேலை அலுப்பு" என்று தள்ளிப்போடுவதும் அதிகம்.

பரிசோதனைக்குப் பயப்பட ஒன்றுமில்லை. கீழிமையில் ஒரு சிறு காகிதப் பட்டையைச் செருகி ஐந்து நிமிடம் உட்கார வைப்பார்கள். பத்து மில்லிமீட்டருக்குமேல் நனைந்தால் கண்ணீர் போதும், ஐந்துக்கும் கீழே என்றால் நன்றாகவே குறைவு. ராமநாதபுரத்தில் 2022 ஜனவரியில் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையிலேயே கண்ணைக் காட்டிக்கொள்ளலாம். போகும்போது தினமும் சாப்பிடுகிற மாத்திரை அட்டைகளையும், இதுவரை கண்ணில் விட்ட சொட்டுமருந்துப் புட்டிகளையும் ஒன்று விடாமல் எடுத்துப் போங்கள்.